பிளாஸ்டிக் பல்சக்கரமும் கரிசல் மண்ணும்

ரிமோட் கார் டிஃபரென்ஷியலுக்கு என்ன எண்ணெய் போடலாம்? இங்கிலீஷ்ல தேடினா ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்காங்க. ஆனா அவங்க ஓட்டுறதெல்லாம் கார்ப்பெட் விரிச்ச டிராக்கு, தார் ரோடு, தண்ணி தெளிச்சு அமுக்கின செம்மண். எங்க ஊர்க் கரிசல்ல ஓட்டினா என்ன ஆகும்னு எவனும் எழுதின மாதிரி தெரியல. அதான் நானே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். ரிமோட் கார் பக்கமே போகாதவங்களும் தைரியமா படிக்கலாம். மாட்டுவண்டி, டிராக்டர், தூத்துக்குடி உப்பு எல்லாம் நடுவுல வரும் :-)

ஊர் எப்போதும்வென்றான். பேரைச் சொன்னதும் ஆபீஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க, "ஜெயிச்சுட்டே இருப்பீங்களா பாஸ்"னு. மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையில எட்டயபுரம் தாண்டி வந்தா எங்க ஊர்ப் பலகை வரும். ரெண்டு பக்கமும் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில விதைச்சு, மழை வந்தா உளுந்து, பாசி, சோளம், மக்காச்சோளம், பருத்தி. வரலைன்னா வேலிக்கருவை. பங்குனி, சித்திரையில வெள்ளாமை எல்லாம் எடுத்த பிறகு காடு காலியா கிடக்கும். நிலம் பாளம் பாளமா வெடிச்சு, சில வெடிப்புல கை முழங்கை வரைக்கும் போகும்.

இந்தக் காட்டுலதான் எங்க அக்கா மகன் கார் ஓட்டுறான். வயசு பத்து. அத்தான் குவைத்துல கனரக வண்டி டிரைவர், ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவுல வருவார். போன தடவை வந்தப்ப வாங்கிட்டு வந்தது அந்தக் கார். நாலு சக்கரமும் இழுக்கிற பக்கி மாடல். கம்பெனி பேரு வேண்டாம். பிரபலமான ஒரு டிசைனைப் பார்த்து அப்படியே அச்செடுத்த வகை, அவ்வளவுதான். அதுல ஒரு நல்லது, ஸ்பேர் தேடினா கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை அத்தானுக்கு லீவு. சாயங்காலம் வீடியோ கால் வரும். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காரைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போவான். அக்கா போனைப் பிடிச்சுக்குவா, இவன் ஓட்டிக் காட்டுவான். இது வாராவாரம் நடந்துட்டிருந்த கூத்து. நான் லீவுல ஊருக்குப் போனப்ப ரெண்டு வாரமா கார் ஓடல. பின் சக்கரத்துல இருந்து கடகடன்னு சத்தம், வண்டி நகரல. அத்தான்கிட்ட "சார்ஜ் இல்லப்பா"ன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கான். காரு இல்லாத வெள்ளிக்கிழமையில அப்பனும் மகனும் பேசினது இவ்வளவுதான்னு அக்கா சொன்னா: "சாப்பிட்டியா?" "ம்." "ஒழுங்கா படிக்கியா?" "ம்." "சரி, அம்மாட்ட குடு."

எனக்கு அது என்னமோ மாதிரி இருந்துச்சு. சரின்னு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

முதல்ல டிஃபரென்ஷியல்னா என்னன்னு ரெண்டு வரி. பள்ளிக்கூடத்துல சுதந்திர தின அணிவகுப்பு திரும்பும்போது வெளிப்பக்கம் நிக்கிறவன் ஓடணும், உள்பக்கம் நிக்கிறவன் நின்ன இடத்துலயே கால் மாத்துவான். கார் வளைவுல திரும்பும்போதும் அதே கதைதான். வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணும். மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லையே இல்ல. ரெண்டு சக்கரமும் இருசுல தனித்தனியா சுத்துது, இழுக்கிறது மாடு. ஆனா இன்ஜினோ மோட்டாரோ சக்கரத்தையே சுத்த வைக்கணும்னா, ஒரே சக்தியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுத்து, வேகம் மட்டும் வேற வேறயா இருக்க விடணும். 1827-ல பெக்கர்னு ஒரு பிரெஞ்சு கடிகாரத் தொழிலாளி நீராவி வண்டிக்காக இதுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு டப்பாவுக்குள்ள நாலைஞ்சு கூம்புப் பல்சக்கரம். கையளவு பொம்மைக் காருக்குள்ளயும் அதே ஏற்பாடுதான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வண்டி நேரா போகும்போது டப்பாவுக்குள்ள இருக்கிற கியர் ஒண்ணோட ஒண்ணு உரசுறதே இல்ல. மொத்தமா ஒரு பொட்டலம் மாதிரி சுத்தும். திரும்பும்போது மட்டும் கொஞ்சமா, மெதுவா உருளும். அந்த அளவு வேலைக்குப் பிளாஸ்டிக் தாராளமா தாங்கும்.

ஆனா கரிசல் வெடிப்புல ஒரு சக்கரம் மாட்டி நின்னுடுச்சுன்னு வச்சுக்குங்க. மறுபக்கச் சக்கரம் அந்தரத்துல ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும். வளைவுல மெதுவா உருள வேண்டிய சின்ன கியருங்க இப்போ பேய் வேகத்துல சுத்துது. பையனோ வண்டி வெளிய வரணும்னு டிரிக்கரை விடாம அழுத்துவான். உரசல்ல சூடு வரும். சூட்டைக் கடத்துறதுல பிளாஸ்டிக் இரும்புக்கு நூத்துல ஒரு பங்கு கூடக் கிடையாது. அதனால சூடு பல்லுலயே தேங்கும், பல்லு இளகும், அப்புறம் மழுங்கும். பிரிச்சுப் பார்த்தப்ப இதேதான். பின் டிஃபரென்ஷியல்ல ரெண்டு சின்ன கியர் தேய்ஞ்சு போன சீப்பு மாதிரி இருந்துச்சு. கம்பெனிக்காரன் வச்ச மசகு ஒரு மூலையில பட்டாணி அளவு ஒட்டிட்டு இருந்தது, பல்லுல ஒண்ணும் இல்ல.

வெளிய இருக்கிற பெரிய கியருக்கு வேற கதை. சத்தம் வருதேன்னு ஆச்சி சொல்லி, பையன் அதுல தேங்காயெண்ணெய் விட்டிருக்கான். எண்ணெயில கரிசல் தூசி ஒட்டி, களிம்பு மாதிரி ஆயிடுச்சு. கரிசல்ல களிமண் மட்டும் இருந்தாக்கூடப் பரவாயில்ல, அது மெத்துனு இருக்கும். கூடவே சுக்கான் கல் பொடியும் மணலும் இருக்கே! அது பிளாஸ்டிக்கை அரத்தால ராவுற மாதிரி ராவிடும்.

அதனால முதல் பாடம்: வெளிய திறந்து கிடக்கிற கியருக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். பழைய டூத் பிரஷ்ஷால துடைச்சு, காய்ஞ்சபடியே ஓட விடுங்க. மோட்டார்ல இருக்கிற இரும்புப் பல்லும் பெரிய பிளாஸ்டிக் பல்லும் மசகு இல்லாமலே ஓடும். எண்ணெய்க் கேள்வியே மூடின டப்பாவுக்குள்ள இருக்கிற டிஃபரென்ஷியலுக்கு மட்டும்தான்.

அடுத்து, பிளாஸ்டிக்னு பொதுவா சொல்லக்கூடாது. கியர்ல ரெண்டு ஜாதிதான் அதிகம்: அசிடால் (பி.ஓ.எம்.னு போட்டிருப்பான்), நைலான். ரெண்டும் எண்ணெய், கிரீஸுக்குப் பெருசா அசையாது. ஆனா நைலான் தண்ணி குடிக்கும், குடிச்சா லேசா உப்பும். அசிடால் அந்த விஷயத்துல கெட்டி. கார்ல மத்த இடத்துல வேற பிளாஸ்டிக் இருக்கு. மேல் கூடு பாலிகார்பனேட், டப்பா சில கார்ல ஏ.பி.எஸ். இவங்க ரெண்டு பேரும்தான் தொட்டாச்சிணுங்கி. சில எண்ணெயும், ஸ்பிரேயில கலந்திருக்கிற கரைப்பானும் பட்டா, ஏற்கனவே ஸ்க்ரூ இறுக்கின இடத்துல மயிரிழை மயிரிழையா விரிசல் விடும்.

எந்தக் கியர் எந்த ஜாதின்னு கண்டுபிடிக்க எங்க மாவட்டத்துச் சரக்கு போதும். உப்பு! ஒரு தம்ளர் தண்ணியில இனிமே கரையாதுங்கிற வரைக்கும் கல்லுப்பைக் கரைங்க. அந்தத் தண்ணியோட அடர்த்தி சுமார் 1.2. நைலான் 1.14, மிதக்கும். அசிடால் 1.41, முங்கிடும். கண்ணாடி நார் கலந்த நைலானும் முங்கும், அது உடைஞ்ச இடத்துல நார் நாரா தெரியும். உடைஞ்ச கியரை பையனே தம்ளர்ல போட்டான். முங்கிச்சு, உடைஞ்ச இடம் வழவழன்னு இருந்துச்சு. அசிடால். "மாமா, இன்னொண்ணு போடுவோம்"னு வீட்டுல இருந்த பட்டன், சீப்பு, பேனா மூடி எல்லாத்தையும் முக்கி எடுத்துட்டான். அக்கா உப்பு டப்பாவைத் தூக்கி ஒளிச்சு வச்சா.

சரி, எண்ணெய்க்கு வருவோம். ஊர்ல கிடைக்கிறதையெல்லாம் வரிசைப்படுத்தினேன்.

தேங்காயெண்ணெய்: நாளானா சிக்கு வாடை. மார்கழிக் குளிர்ல உறையும். பாகு மாதிரி தங்கவும் தங்காது. தலைக்கே வச்சுக்குவோம்.

தையல் மிஷின் எண்ணெய்: சுத்தமான மினரல் எண்ணெய், அசிடாலுக்கு ஆபத்தில்ல. ஆனா தண்ணி மாதிரி. சீல் இல்லாத டப்பாவுல ராத்திரி விட்டா காலைல இருக்காது. சக்கர பேரிங்குக்கு ஒரு சொட்டு, அது சரி.

விளக்கெண்ணெய்: எங்க தாத்தா காலத்து வண்டி மசகு இதுலதான். வைக்கோலை எரிச்ச கரியை விளக்கெண்ணெயில குழைச்சு, மூங்கில் குழாயில வச்சிருப்பாங்க. கடையாணியைக் கழட்டி, சக்கரத்தை இழுத்து, இருசுல தடவுவாங்க. மரத்துக்கும் இரும்புக்கும் அருமையான சரக்கு. ஆனா நாள்பட்டா பிசினாயிடும், அடிக்கடி துடைச்சுப் புதுசா போடணும். வண்டிக்காரர் அதைச் செஞ்சார். பத்து வயசுப் பையன் செய்வானா?

டிராக்டர் கிரீஸ்: பெரியப்பா, "ஏலே, கிரீஸ் கன்னுல ஒரு அடி அடிச்சா சோலி முடிஞ்சு"ன்னார். லித்தியம் கிரீஸ் அசிடாலை ஒண்ணும் பண்ணாது, அவர் சொன்னது தப்பில்ல. பிரச்சனை வேற. கிரீஸ் தானா ஓடி வராது. வேகமா சுத்துற பல்லு அதைச் சுவத்துல விசிறி அடிச்சிடும், சுவத்துல அடிச்சது அங்கேயே ஒட்டிக்கும். பல்லு மறுபடி காய்ஞ்சு ஓடும். கம்பெனி வச்ச மசகுக்கு நடந்ததும் இதுதான்.

துரு விடுவிக்கிற ஸ்பிரே: டப்பாவுல சிவப்புக் குழாய் வச்சது, எல்லா வீட்டுலயும் இருக்குமே, அது. மசகைக் கழுவி விட்டுடும், அப்புறம் அதுவும் பறந்துடும். பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் மேல அடிக்காதீங்கன்னு தயாரிக்கிறவங்களே எச்சரிக்கிறாங்க. பழைய ஆடியோ கேசட் டப்பா பாலிஸ்டைரீன்தான். அதுல ஒரு துண்டை வளைச்சு, துணி கிளிப் போட்டு, ஸ்பிரே அடிச்சு மொட்டை மாடி வெயில்ல வச்சேன். விரிசல் விழுந்துச்சு, சித்திரை மாசக் கரிசல் மாதிரியே! நீங்களும் எந்த எண்ணெயை எந்த பிளாஸ்டிக்ல போடுறதுக்கு முன்னாடியும் இந்த கிளிப் சோதனையைச் செய்யலாம். வளைச்சு வைக்கிறது முக்கியம். சும்மா தட்டையா வச்சா பல எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகாது, இறுக்கத்துலதான் குட்டு வெளிப்படும்.

சிலிக்கான் எண்ணெய்: ரிமோட் கார்க்காரங்க எல்லாரும் போடுறது. ஏறக்குறைய எந்த பிளாஸ்டிக்கையும் சீண்டாது. சிலிக்கான் ரப்பரை மட்டும் உப்ப வைக்கும். வெயில், குளிருக்கு மத்த எண்ணெய் அளவுக்குப் பதம் மாறாது. இரும்போட இரும்பு உரசுற இடத்துல இது அவ்வளவு நல்ல மசகு இல்ல, ஆனா நம்ம கதை பிளாஸ்டிக். இதோட பெரிய வசதி, எந்த கெட்டியில வேணும்னாலும் கிடைக்கும். ஒரு ஜாக்கிரதை: பெயிண்ட் அடிக்கப்போற பாகத்துல இது பட்டா பெயிண்ட் ஒட்டாது.

கெட்டியை சென்டிஸ்டோக்ஸ்னு ஒரு அளவுல சொல்றாங்க. தண்ணி 1. நல்லெண்ணெய் ஐம்பது சொச்சம். விளக்கெண்ணெய் நம்ம ஊர் வெயில்ல சில நூறு. தேன் பத்தாயிரம் பக்கம். டிஃபரென்ஷியல் எண்ணெய் ஆயிரத்துல தொடங்கி பத்து லட்சம் வரைக்கும் விக்குது. ஒரு லட்சம்னா கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சி ஆறவிட்டா கரண்டியில இருந்து இறங்க யோசிக்குமே, அந்த மாதிரி. (கோவில்பட்டிக்காரங்க இந்த உதாரணத்தை மன்னிக்கணும். 2020-லதான் புவிசார் குறியீடு வாங்கியிருக்காங்க.)

இங்கதான் ரிமோட் கார்ல ஒரு தந்திரம். எண்ணெய் வழுக்கறதுக்கு மட்டும் இல்ல, தடுக்கறதுக்கும்தான். கெட்டி எண்ணெய்க்குள்ள கியர் வேகமா சுத்தணும்னா மல்லுக்கட்டணும். அதனால ஒரு சக்கரம் மாட்டிக்கிட்டாலும் மறு சக்கரம் கண்மண் தெரியாம சுத்தாது. சக்தி கொஞ்சம் மாட்டிக்கிட்ட சக்கரத்துக்கும் போகும், வண்டி வெளிய வரும். மெதுவா திரும்பும்போது எண்ணெய் வழிவிடும். பல்லும் பிழைக்கும். ரொம்பக் கெட்டியா போட்டா ரெண்டு சக்கரமும் பூட்டின மாதிரி ஆகி, தார் ரோட்டுல வண்டி திரும்பவே அடம்பிடிக்கும், இணைப்புத் தண்டுக்கும் சுமை.

இதை பையனுக்கு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தப்பதான் வெள்ளிக்கிழமை போன் வந்துச்சு. "காரு என்னாச்சு"ன்னு அத்தான் கேட்க, பையன் என் மூஞ்சியைப் பார்த்தான். நான் பிரிச்சுப் போட்டிருந்ததைக் காமிராவுல காட்டினேன். அத்தான் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "அடேய், இது கிரவுனுல்ல!"

மறந்தே போயிட்டேன், அத்தான் குவைத் போறதுக்கு முன்னாடி எட்டு வருசம் டிராக்டர் ஓட்டினவர். மகனைப் பார்த்துக் கேட்டார், "ஏலே, ஐப்பசி மழையில டிராக்டர் கரிசல்ல பொதைஞ்சா என்ன ஆகும்னு பாத்திருக்கியா? ஒரு வீலு சும்மா சுத்தும், இன்னொண்ணு அசையாது. அப்ப அப்பா என்ன செய்வேன்? கால்கிட்ட ஒரு பெடல் இருக்கும். அதை அமுக்குனா ரெண்டு வீலும் ஒண்ணாச் சுத்தும். வண்டி எந்திரிச்சு வந்துரும்."

"அப்ப எப்பவும் அமுக்கிட்டே ஓட்ட வேண்டியதுதானப்பா?"

"அமுக்கிட்டுத் திருப்புனா கிரவுனு பல்லு போயிரும்ல. நேரா போறப்ப மட்டுந்தான் அமுக்கணும். வெளிய வந்ததும் காலை எடுத்துரணும்."

நான் சொல்ல நினைச்சதை அவர் பெடலை வச்சுச் சொல்லிட்டார். பையன் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்த எண்ணெய்தான் நம்ம காருக்குப் பெடலா மாமா?"ன்னான். ஆமாடா, அதேதான். கால் வைக்காமலே அமுங்குற பெடல்.

அன்னைக்கு அப்பனும் மகனும் முக்கால் மணி நேரம் பேசினாங்க. எங்க காட்டுல எந்த இடத்துல டிராக்டர் பொதையும், எந்த இடத்துல சுக்கான் பாறை மேல இருக்கு, மழை பேஞ்சு எத்தனை நாள் கழிச்சு உழவுக்குப் பதம் வரும்னு. அந்த நிலத்தை அத்தான் உழுது மூணு வருசமாச்சு, குத்தகைக்கு விட்டிருக்கு. பையன் அதுல கார் மட்டும்தான் ஓட்டியிருக்கான். ஆனா எந்த வெடிப்பு எங்க இருக்குன்னு அப்பனுக்குச் சரிக்குச் சரி சொன்னான். நான் பொட்டி தட்டுற வேலைக்கு லாகின் பண்ணணும்னு மாடிக்குப் போயிட்டேன். அக்காவுக்கு அன்னைக்குப் போன் கிடைக்கவே இல்ல.

சரி, கடைசியா என்ன போட்டோம்? பெங்களூர்ல ஒரு ஹாபி கடையில அதே அளவு கியர் செட்டும், 10,000, 1 லட்சம் ரெண்டு பாட்டில் எண்ணெயும் வரவழைச்சேன். செஞ்ச முறை இது:

1. டப்பாவையும் கியரையும் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காயவச்சோம். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

2. டப்பாவுக்கு சீல் கிடையாது. 10,000 ஊத்தி ராத்திரி பேப்பர் மேல வச்சுப் பார்த்தோம். காலைல பேப்பர்ல ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம். அதனால 1 லட்சம்தான் சரின்னு முடிவு. உங்க காருல ஓ-ரிங் இருந்தா இதைவிட இளகலா போட்டுப் பார்க்கலாம்.

3. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவுல கல்யாணப் பத்திரிகை கவரை வெட்டி, லேசா கிரீஸ் தடவி கேஸ்கட் போட்டோம். டிராக்டர் மெக்கானிக் பெரியப்பா வெட்டிக் கொடுத்தார். காம்பஸ் கிடையாது, சுத்தியலால தட்டியே வட்டம் எடுத்தார்!

4. எண்ணெயைச் சின்ன கியருங்க முங்குற அளவுக்கு மட்டும் ஊத்தினோம், விளிம்பு வரைக்கும் இல்ல. சிலிக்கான் எண்ணெய் பத்து டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். எங்க ஊர் வெயிலும் ஓடுற சூடும் சேர்ந்தா இடம் கேட்கும். இடம் இல்லன்னா சந்து பொந்துல பிதுங்கிடும். காத்துக் குமிழி மேல வர ஒரு ராத்திரி விட்டு மூடினோம்.

5. ஸ்க்ரூவைக் குறுக்குக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினோம். பிளாஸ்டிக்ல மரை போட்டிருக்கு, முரட்டுத்தனம் வேண்டாம்.

6. முன் டிஃபரென்ஷியல்லயும் அதே எண்ணெய், அளவு மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேல. திரும்புறது முன் சக்கரம்தானே, அங்க தடை கம்மியா இருந்தா நல்லது.

ஓட்டிப் பார்த்ததுல வித்தியாசம் கண்கூடா தெரிஞ்சுது. வெடிப்புல மாட்டினா முன்ன மாதிரி கீச்சுனு கத்திட்டு நிக்கிறது இல்ல, ஒரு உதறு உதறி ஏறிடுது. வேகமா திரும்பினா வால் கொஞ்சம் வீசுது. பையனுக்கு அது இன்னும் கொண்டாட்டம். ஆனா எண்ணெய் எல்லாத்தையும் காப்பாத்தாது. மாட்டிக்கிட்டா டிரிக்கரை விட்டுட்டு கையால தூக்குன்னு அவன் அப்பாவே சொல்லியிருக்கார். மழை பெஞ்ச ஈரக் கரிசல்ல ஓட்டவே கூடாது. களி சக்கரத்துல அப்பி காரே ரெண்டு மடங்கு கனமாயிடும், எந்த எண்ணெயும் உதவாது.

இப்போ மாசம் ஒரு தடவை அவனே பிரிக்கிறான். பிரிக்கிற நாள் வெள்ளிக்கிழமை. போனைச் சொம்புல சாய்ச்சு வச்சுட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டுவான், அந்தப் பக்கம் இருந்து அதிகாரம் பறக்கும்: "ஏலே, அந்த வாஷரைத் தொலைச்சிராத."

டிஸ்கி: "ஒரு லட்சம் எண்ணெய்"னு நான் போன்ல பேசினதைக் கேட்ட ஆச்சி, எண்ணெய்க்கு ஒரு லட்ச ரூபா செலவு பண்ணிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கு. பாட்டில் நூத்துக்கணக்குலதான்னு எவ்வளவு சொல்லியும் நம்ப மாட்டேங்குது. கரிசல் காட்டுல, தேரிக்காட்டுல, இல்ல வேற மண்ணுல ரிமோட் கார் ஓட்டுற மக்கள் யாராவது இருந்தா, நீங்க என்ன எண்ணெய் போடுறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தேரி மணலுக்கு என்ன பதம்னு தெரிஞ்சுக்க ரொம்ப ஆசை.